முதலில் ஆள், பிறகு றோட்டு: பென்சன்காரருக்கான யாழ்ப்பாணப் பயண வழிகாட்டி, ஆவணி முதல் ஐப்பசி வரை

தபாற் கந்தோரில் 36 வருடம் வேலை செய்தேன். கற்கோவளம், அனலைதீவு, சுழிபுரம், குடத்தனை என்று ஊர்ப் பெயர்களைப் பார்த்துப் பார்த்துக் கடிதம் பிரித்துப் பையில் போட்ட கை இது. அந்த ஊர்களில் பாதியைக்கூட நான் கண்ணால் கண்டதில்லை. பென்சன் எடுத்த பிறகு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். முதல் வருடம் ஒரு வான் பிடித்து, ஒன்பது பேரை ஏற்றி, ஒரே நாளில் ஐந்து இடம் என்று ஓடினேன். மத்தியானம் கீரிமலையில் மாமிக்குத் தலைசுற்று வந்தது. முழங்கால் வருத்தக்காரச் சிநேகிதர் மூன்று இடத்தில் இறங்கவே இல்லை. பின்னேரம் எல்லாரும் களைத்து, ஒருவரோடொருவர் கதைக்காமல் வீடு வந்து சேர்ந்தோம்.

அதற்குப் பிறகு முறையை மாற்றினேன். எந்த இடத்துக்குப் போவது என்று யோசிப்பதை விட்டு, யாரோடு போவது என்று முதலில் முடிவெடுக்கிறேன். ஆள் முடிவானால் பாதை தானாக வரும். ஆறு வருடமாக இப்படித்தான் போய்வருகிறோம். கீழே உள்ளதெல்லாம் அப்படிப் போய்வந்து படித்தவை.

படி 1: கொப்பியில் பெயர் எழுதுங்கள்

ஒரு கொப்பி எடுத்து, நீங்கள் கூட்டிக்கொண்டு போக விரும்பும் ஆட்களின் பெயரை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே இரண்டு விஷயம் வேண்டும்: அவருக்கு எங்கே போக மனம் கிடக்கிறது, அவருடைய உடம்புக்கு எது முடியாது.

இரண்டாவதை வீட்டுக்காரரிடம் கேட்டு அறியலாம். முதலாவதை அறிவதுதான் கடினம். எங்கள் ஆட்களிடம் "எங்கை போக விருப்பம்?" என்று கேட்டால், "உங்கடை விருப்பம் தம்பி, எனக்கென்ன" என்பார்கள். அந்தக் கேள்வியால் பலன் இல்லை. நான் இப்போது "மணற்காட்டுக்குக் கடைசியா எப்ப போனனீங்கள்?" என்று கேட்கிறேன். அதற்கு மறுமொழி உடனே வரும். வருடம் வரும், கூட வந்தவரின் பெயர் வரும், அன்றைக்குச் சாப்பிட்ட சாப்பாடும் வரும். கதை நீளும் இடம்தான் அவர் போக விரும்பும் இடம்.

ஒரு காரில் ஓட்டுநரோடு நான்கு பேர் போதும். ஐந்தாவது ஆள் ஏறினால் பின்சீற்றில் நடுவில் இருப்பவருக்கு நாரி பிடிக்கும். அது எப்போதும் வாய் திறந்து சொல்லாத ஆளாகத்தான் இருக்கும்.

படி 2: காற்றைப் பார்த்து நாள் குறியுங்கள்

வெளிநாட்டில் இலை பழுத்துக் கொட்டும் மாதங்களில் எங்களுக்குக் காற்று மாறுகிறது. வைகாசியில் தொடங்கிய சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, புரட்டாதியில் தளரும். கார்த்திகையில் வாடை, வடகிழக்குக் காற்று, எழும்பும். இரண்டுக்கும் நடுவில் கடல் அடங்கிக் கிடக்கும் சில கிழமைகள் இருக்கின்றன. பயணத்துக்கு வருடத்திலேயே அருமையான காலம் அது.

ஆவணி முழுக்கப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும். ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் நல்லூரில் கொடியேறும்; 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம். கனடா, லண்டன் பிள்ளைகள் அதை ஒட்டித்தான் வந்து இறங்குவார்கள். திருவிழா நாட்களில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள். வீடு அந்தப் பக்கம் என்றால், பயணம் போகும் நாளுக்கு முதல்நாளே காரை வெளியே எங்காவது தெரிந்த வீட்டில் நிறுத்தி வையுங்கள்.

புரட்டாதி சிநேகிதர்களுக்கு. பிள்ளைகள் திரும்பிப் போய்விடுவார்கள், வீடு வெறிச்சோடிக் கிடக்கும். அந்த வெறுமை எனக்கு மட்டும் இல்லை, என் வயதுக்காரர் எல்லாருக்கும் அப்படித்தான். அவர்களைத் தேடிப் போக இதைவிட நல்ல மாதம் இல்லை.

ஐப்பசியில் காலமை மட்டும் ஓடுங்கள். அந்த மாதத்தில் பின்னேரம் இடி மின்னலோடு மழை வரும். வெளிகளில் தனித்து நிற்கும் பனைகளில் மின்னல் விழுவது எங்கள் ஊரில் புதிதில்லை. மழைக்கு ஒதுங்க மரத்தடியைத் தேடாமல் காருக்குள்ளேயே கண்ணாடியை ஏற்றிவிட்டு இருங்கள்.

படி 3: காரைப் பாருங்கள்

பென்சன்காரரின் கார் ஓடித் தேய்வதில்லை, நின்று பழுதாகிறது. ரயரின் பூவைப் பார்த்து "புதுசு மாதிரிக் கிடக்கு" என்று ஏமாறக்கூடாது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் கொண்ட ஒரு எண் பொறித்திருக்கும். 2316 என்று இருந்தால், 2016ஆம் ஆண்டின் 23ஆம் கிழமையில் செய்த ரயர் என்று அர்த்தம். ஆறேழு வருடம் கடந்த ரயரென்றால், பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று ரோச் அடித்துப் பாருங்கள். இருந்தால் மாற்றிவிடுங்கள்.

பயணத்துக்கு இரண்டு நாள் முந்தி பொனற்றைத் திறந்து எலி, அணில் ஏதும் வேலை காட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வயரைக் கடித்திருந்தால் வழியில்தான் தெரியவரும். பற்றரிக் கம்பியில் வெள்ளைப் பூ பிடித்திருந்தால் துடைத்து இறுக்குங்கள். ரேடியேற்றர் தண்ணியை இஞ்சின் ஆறிக் கிடக்கும்போது பாருங்கள், சூட்டில் மூடியைத் திறக்க வேண்டாம். தீவுப் பக்கம் போய்வந்த அன்றைக்கே காரின் அடிப்பக்கத்துக்கு நல்ல தண்ணி அடித்துக் கழுவுங்கள். பண்ணைக் கடற்காற்றின் உப்பு ஒரு மாரிக்குள் தகரத்தைத் தின்றுவிடும்.

படி 4: உடம்பைப் பாருங்கள்

கிளினிக் நாளைப் பயணத்துக்காகத் தவறவிட வேண்டாம். கிளினிக் கொப்பியைக் காருக்குள் வைத்திருங்கள். எங்காவது மயங்கி விழுந்தால் எந்த ஆஸ்பத்திரியிலும் முதலில் தேடுவது அதைத்தான். 1990 அழைத்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. அந்த இலக்கம் கூட வருகிற எல்லாருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

சீனி வருத்தக்காரர் குளிசை போட்டுவிட்டுச் சாப்பாட்டைப் பிந்தவிடக் கூடாது. "அங்கை போய்ச் சாப்பிடுவம்" என்பதுதான் ஆபத்தான பேச்சு. கை நடுங்கி, வேர்த்து, கதை குழறினால் சீனி இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, நல்ல இனிப்பான தேத்தண்ணியோ குளுக்கோசோ உடனே கொடுங்கள். இன்சுலினை வெயிலில் நிற்கும் காரில் விட வேண்டாம். ஐசிலும் முட்டக் கூடாது. ஈரத்துணி சுற்றின டப்பாவில், காலடியில் நிழலாக இருக்கட்டும்.

மலசலகூடம் இருக்கும் இடங்களை முன்கூட்டியே குறித்து வையுங்கள். வயது போனவர்கள் இதற்குப் பயந்து தண்ணி குடிக்காமல் வருவார்கள், பிறகு தலைசுற்று வரும். வழியில் ஒரு சொந்தக்காரர் வீட்டைத் தரிப்பிடமாக வைத்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. தேத்தண்ணியும் கிடைக்கும்.

இருட்டுமுன் வீடு வந்துவிடுங்கள். கண்ணில் வெள்ளை படர்ந்த எங்களுக்கு எதிர் லைற் வெளிச்சம் வெடித்துத் தெரியும். லைற் இல்லாத சைக்கிளும், றோட்டில் படுத்திருக்கும் மாடும் தெரியாது.

படி 5: நான்கு றோட்டுகள்

*பேரப்பிள்ளைகளோடு தீவுப் பக்கம்.* பண்ணைப் பாலத்தில் ஏறினால் இரண்டு பக்கமும் கடல். அல்லைப்பிட்டி, வேலணை கடந்து, நீண்ட தாம்போதியில் புங்குடுதீவுக்குப் போய், குறிகட்டுவான் இறங்குதுறையில் காரை விட்டு, நயினாதீவுக்குப் படகேறலாம். கால் மணித்தியாலம் அளவில் போய்விடும். நாகபூசணி அம்மன் கோயிலும் நாக விகாரையும் அருகருகே நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. படகில் ஏறும் இடத்தில் கவனம் தேவை. துறைக்கும் படகுக்கும் நடுவில் அலை எழும்பி இறங்கும், முழங்கால் வருத்தக்காரருக்கு அது சரிப்படாது. அவர்களை வழியில் வேலணையில் உள்ள சாட்டிக் கடற்கரை நிழலில் இருத்திவிட்டு, மற்றவர்கள் போய்வரலாம்.

நெடுந்தீவை இதோடு சேர்க்க வேண்டாம். படகு ஒரு மணித்தியாலம் எடுக்கும், காற்றுக் கூடினால் ஓடாது. குதிரைகள், பெருக்கு மரம், முருகைக்கல் மதில்கள் எல்லாம் ஒரு முழு நாளைக் கேட்கும். சின்னப் பிள்ளைகளுக்குக் குளிக்க ஆசையென்றால் காரைநகர் கசூரினாவுக்குப் போங்கள். கடல் அங்கே வெகுதூரத்துக்கு முழங்கால் ஆழம்தான்.

என் பேத்திக்கு ஏழு வயது. நயினாதீவில் அவளுக்குப் பிடித்தது கோயில் இல்லை, படகில் டீசல் மணத்துக்கு நடுவே ஒரு ஆச்சி மடியில் வைத்திருந்த கோழி. வீடு வந்து அதைத்தான் மூன்று நாள் கதைத்தாள். பிள்ளைகளுக்கு இதைப் பார், அதைப் பார் என்று காட்டாமல் சும்மா விடுங்கள்.

*சிநேகிதர்களோடு வடமராட்சி.* பருத்தித்துறை வீதியால் போனால் சுமார் 33 கிலோமீற்றர். கோப்பாய் தாண்டினால் செம்மண், அதற்கப்பால் நீர்வேலி வாழைத் தோட்டங்கள். குலை வாங்குவதென்றால் திரும்பி வரும்போது வாங்குங்கள், இல்லாவிட்டால் காருக்குள் பழுத்துவிடும். புத்தூருக்குக் கிட்ட நிலாவரைக் கிணறு இருக்கிறது. மேல் தண்ணி நல்ல தண்ணி, ஆழத்தில் உப்பு. இந்தச் சுண்ணக்கல் குடாநாட்டில் மழைத் தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல் மிதந்துதான் எங்களைக் காப்பாற்றுகிறது என்பதை ஒரே பார்வையில் காட்டும் இடம் அது.

பிறகு வல்லை வெளி. சோளகக் காலத்தில் அந்தப் பாலத்தில் சைக்கிள் மிதித்தவர்களுக்குத்தான் அது என்ன வெளி என்று தெரியும். காரை ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் நில்லுங்கள். நாங்கள் நாலு பேரும் ஒருதரம் நின்றோம். என்னோடு படித்த ஒருவர், எப்போதும் வாய் ஓயாதவர், பேசாமல் தண்ணியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "மச்சான், இதாலை எத்தினை தரம் வேலைக்குப் போனனான், ஒருநாள் திரும்பிப் பாத்ததில்லையடா" என்றார். மற்றவர்கள் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை.

தொண்டைமானாற்றில் செல்வச்சந்நிதி, அன்னதானக் கந்தன். பந்தியில் இருந்து சாப்பிட வெட்கப்பட வேண்டாம். பருத்தித்துறையில் தட்டை வடை வாங்குங்கள். சூடு ஆறும்வரை பையைக் கட்டாமல் விட்டால்தான் மொறுமொறுப்பு நிற்கும். சக்கோட்டை முனையில் நின்றால் இலங்கையின் வடக்கு நுனியில் நிற்கிறீர்கள். புரட்டாதியில் வல்லிபுர ஆழ்வாருக்குத் திருவிழா. பூரணையை ஒட்டிக் கடல் தீர்த்தம் நடக்கும். அன்றைக்குச் சனம் நிரம்பி வழியும், நடக்க முடியாதவரைக் கூட்டிப் போவதென்றால் வேறு நாள் பாருங்கள்.

மணற்காட்டில் மணல் மேடுகள் உண்டு. அங்கே போன வருடம் தார் றோட்டை விட்டு இறங்கி, காரின் முன்சில்லு இரண்டும் புதைந்துவிட்டது. பயத்தில் அக்சிலேற்றரை மிதித்தேன், இன்னும் இறங்கியது. வலை பின்னிக்கொண்டிருந்த மூன்று பொடியன்கள் வந்து, ரயரில் பாதிக் காற்றை இறக்கி, தென்னோலை போட்டு, மெதுவாகத் தள்ளி எடுத்தார்கள். காசு நீட்டினேன், வாங்கவில்லை. மணலில் புதைந்தால் செய்ய வேண்டியது அதுதான்: மிதிக்காதீர்கள், காற்றை இறக்குங்கள், ஓலை போடுங்கள். பிறகு முதல் கடையிலேயே காற்றடித்துவிட வேண்டும்.

*சித்தியோடு வலிகாமம் வடக்கு.* சித்தி மயிலிட்டிக்காரி. 1990இல் சண்டையால் ஊரைவிட்டு வெளிக்கிட்டவள். அந்த வருடத்தோடு மயிலிட்டிக்குக் கடிதம் வருவதும் நின்றது. வந்த சிலவற்றில் "சேர்ப்பிக்க முடியவில்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பியவன் நான். இராணுவத்தின் பிடியிலிருந்து துறைமுகப் பக்கம் விடுபட்டது 2017இல். அவளுடைய காணி அதற்குப் பிறகு கிடைத்தது. கால் முடியாததால் அவள் போய்ப் பார்க்கவில்லை.

போன ஐப்பசியில் பிளாஸ்ரிக் கதிரை ஒன்றைக் காரில் போட்டுக்கொண்டு கூட்டிப் போனேன். வீடு இல்லை. கிணறு இருந்தது, பாதி தூர்ந்து. கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல், ஒரு பக்கம் தேய்ந்து சரிந்தபடி. கதிரை வேண்டாம் என்று அந்தக் கல்லில் போய் இருந்தாள். புதிதாக அடைத்த வேலியைப் பார்த்து, "எல்லை உதில்லை, ரெண்டு முழம் அங்காலை" என்றாள். பிறகு தென்னையை எண்ணினாள். மூன்று. அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்றைக்கு மாவிட்டபுரமும் கீரிமலைக் கேணியும் பார்ப்பதாகத் திட்டம். காரில் ஏறியதும், "இண்டைக்கு இது காணும் தம்பி" என்றாள். நேரே வீட்டுக்குத் திருப்பினேன். இப்படியான பயணத்துக்குப் போகிறவர்கள் நாளில் வேறொன்றையும் வைக்காதீர்கள். காணி விடுபட்டதா என்று கிராம சேவையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முட்கம்பிக்கு உள்ளே, பற்றை மண்டின காணிக்குள், கண்ணிவெடி என்று எச்சரிக்கும் மண்டையோட்டுப் படப் பலகை தெரியும் இடங்களில் கால் வைக்க வேண்டாம். ஒரு போத்தலில் குடிக்கத் தண்ணி, சின்னத் துவாய், இரண்டும் உங்கள் கையில் இருக்கட்டும்.

*மனைவியோடு தென்மராட்சி.* இது நான் வருடாவருடம் ஐப்பசி நடுவில் போகும் றோட்டு. 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டையால் யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்தபோது, மழையில், இலட்சக்கணக்கான சனத்தோடு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தோம். அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளினேன், மனைவி மகனைத் தூக்கியிருந்தாள். பாலத்தைக் கடக்க விடிந்துவிட்டது. இப்போது காரில் அதே பாலம் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். அதில் மட்டும் நான் மெதுவாக ஓட்டுவேன். பின்னால் ஹோர்ன் அடித்தாலும் அப்படித்தான்.

சாவகச்சேரிக்கு அங்கால் ஒரு வீட்டுக்காரர், முன்பின் தெரியாத எங்களுக்குத் திண்ணையை ஒதுக்கித் தந்து, ஆறு மாதம் வைத்திருந்தார்கள். அந்த அம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. பனங்காய்ப் பணியாரம் கொண்டு போவோம். பனம்பழக் களியைப் பிழிந்து, சீனி போட்டுக் காய்ச்சி, ஆறவிட்டு, கோதுமை மா சேர்த்து மனைவி முதல்நாள் இரவே சுட்டு வைப்பாள். அடுத்த நாள்தான் அதன் ருசி இறங்கும். யாரையாவது பார்க்கப் போகும்போது கடைப் பெட்டியை விட இப்படி ஏதும் கொண்டு போங்கள். எங்கள் பருவத்தின் மணம் அதில்தான் இருக்கிறது.

மழை இல்லாவிட்டால், அங்கிருந்து கேரதீவுப் பக்கம் போய்ச் சங்குப்பிட்டிப் பாலத்தில் நிற்போம். 2011இல் திறந்த பாலம், 288 மீற்றர். ஐப்பசிக் கடைசியில் கடலேரியில் பறவைகள் வந்து இறங்கத் தொடங்கும். பின்னேர இடிமழைக்கும் இருட்டுக்கும் முந்தி வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும்.

படி 6: காசும் கணக்கும்

பெற்றோல் காசை ஆளுக்காள் பிரிப்பதென்றால் ஏற முன்பே பேசிவிடுங்கள், இறங்கும்போது பேசினால் மனக்கசப்பு. பென்சன் இல்லாத சிநேகிதரிடம் கேட்க வேண்டாம். அவர் வீட்டுத் தேசிக்காயோ முருங்கைக்காயோ கொண்டு வருவார், அது போதும்.

படி 7: மாரிக்குக் காரை ஒதுக்குங்கள்

கார்த்திகை மழை பிடித்தால் ஒழுங்கைகளில் தண்ணி நிற்கும், குழி தெரியாது. அடியைக் கழுவிக் காயவிட்டு, ரயருக்குக் காற்றைச் சற்றுக் கூட்டி அடித்து, பற்றரியின் ஒரு கம்பியைக் கழற்றி வையுங்கள். கிழமைக்கு ஒருநாள் கம்பியைப் பூட்டி, கால் மணித்தியாலம் இஞ்சினை ஓடவிடுங்கள். பிறகு கொப்பியை எடுத்து, போய்வந்த பெயர்களுக்குக் கோடு போடுங்கள். மிஞ்சின பெயர்களுக்குத் தைப்பொங்கலுக்கு முதல் ஒருதரம் கோல் எடுத்து, கடைசியாக எப்போது எங்கே போனார்கள் என்று கேளுங்கள். மாசியில் றோட்டுக் காயும்.